ஆவணி வரைக்கும் தாங்கட்டும்

திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் போகிற தெருவில், மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசிவிடுகிற கடைக்குப் பக்கத்தில், சிவப்பிரகாசத்தின் கம்ப்யூட்டர் ஜோதிடக் கடை இருந்தது. அது எண்பத்தொன்பதாம் வருஷம். ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் என்கிற பொருளை அங்கேதான் முதன்முதலில் பார்த்தார்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் சொன்னால் போதும். பிரிண்டர் கிர்ரென்று கத்திக்கொண்டு நாலு பக்கம் அடித்துத் தள்ளும். கையால் எழுதுகிற ஜோசியர் ஆளைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து எழுதுவார், மிஷின் பொய் சொல்லாது என்று ஜனங்கள் நம்பினார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து மிஷினைக் கும்பிட்டவர்களும் உண்டு.

அந்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அம்சா. இருபத்தொன்பது வயசு. டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறிவிட்டு, அரக்கோணம் போய் ஆறு மாசம் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு வந்தவள். தினமும் பத்து ஜோடிக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிற கைக்கு ஒரு வரன் அமையவில்லை. அப்பா இல்லாத வீடு, அம்மா ரத்தினம்மாள் பூக்கட்டிப் பிழைக்கிறவள். வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று எழுந்து போனவர்கள்தான். இதை யாராவது கேலியாகச் சொன்னால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்புறம் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் பங்குனியில் மிஷினின் எஸ்.எம்.பி.எஸ். மக்கர் பண்ண ஆரம்பித்தது. கரண்டை வாங்கி, மிஷினுக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. அதன் முதுகில் ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அந்த விசிறி காலையில் முனகியது, மத்தியானத்தில் அலறியது. சித்திரை வெயிலில் ஒருநாள் மிஷின் தானாக அணைந்து தானாக எழுந்தது. எழுந்ததும் அது முதலில் கேட்கிற கேள்வி, இன்றைக்கு என்ன தேதி என்பதுதான். அந்தக் காலத்து மிஷின். ஒரு தரம் அணைந்தால் நாள் கிழமை எல்லாம் அதற்கு மறந்துபோகும். நாம் தேதியைத் தட்டாமல் வெறும் பொத்தானை அமுக்கினால், எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று என்று தானே வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். அம்சாவுக்கு இது தண்ணி பட்ட பாடு. தேதியைத் தட்டிவிட்டு மேலே போவாள்.

அரக்கோணத்திலிருந்து ரேடியோ மெக்கானிக் கண்ணையனை வரவழைத்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"கண்டென்சர் உப்பிக்கினு கீது. மாத்திடுங்க."

"ஓடிக்கினு தானே இருக்குது?" என்றார் சிவப்பிரகாசம்.

"ஓடச்சொல்லவே மாத்தணுங்க. நின்னப்பால மாத்தலாம்னு விட்டா, அது போற போக்குல இன்னா இன்னாத்த இஸ்துக்கினு போவும்னு சொல்ல முடியாது."

சிவப்பிரகாசம் தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷம் ஃபைலைத் தள்ளிப்போட்டு ஓய்வு பெற்றவர். தள்ளிப்போடுவது அவருக்குக் கைவந்த கலை. அம்சாவைப் பார்த்துச் சொன்னார்: "இதோட குந்திக்கினு இருக்கிறது நீதாம்மா. எப்ப கழட்டலாம்னு நீயே சொல்லு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. கழட்டுனா மெட்ராசுக்கு அனுப்பணும். அனுப்பிட்டா நான் கடையச் சாத்திட்டு வேலூர்ல பொண்ணு வூட்டுக்குப் போய்டுவேன். தீவாளி கழிச்சுதான் தொறப்பேன்."

அன்றே அவள், கழட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. காரணத்தின் பெயர் பரந்தாமன்.

பரந்தாமன் பொதட்டூர்பேட்டைக்காரன். வீட்டிலேயே நாலு விசைத்தறி. செவ்வாய்க்கிழமைதோறும் லுங்கிக் கட்டுகளைக் கொண்டுவந்து தேரடிக் கடையில் இறக்கிவிட்டு, மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டுப் போவான். முப்பத்து மூணு வயசு, தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று திரும்பிப் பார்ப்பதற்குள் முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. மாசி முடிகிற சமயத்தில் கடைசித் தங்கையின் குழந்தைக்கு ஜாதகம் எடுக்க வந்தான். அடுத்த செவ்வாய் அதில் ஒரு பக்கம் மங்கலாக இருக்கிறது என்று வந்தான். அதற்கடுத்த செவ்வாய் காரணம் எதுவும் இல்லாமல் வந்தான். காரணம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததால், விசிறிச் சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"மோட்டார் சூடு ஏறுனா எங்க வூட்ல டேபிள் ஃபேன வெச்சிடுவோங்க" என்றான், கண்ணையன் வந்துபோன பிறகு ஒரு செவ்வாய். மறு செவ்வாய், லுங்கிக் கட்டோடு ஒரு டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு வந்து மிஷினின் முதுகுப் பக்கம் வைத்துவிட்டுப் போனான். இந்தக் காலத்தில் பெண்ணுக்கு ரோஜாப்பூ கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் காற்றே போதுமாக இருந்தது.

கடையைச் சாத்திவிட்டால் அவனை எங்கே பார்ப்பது? வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா, தேரடியில் போய் நிற்க முடியுமா? சின்ன ஊர். நாலு பேர் பார்த்தால் நாற்பது பேர் பேசுவார்கள். கடை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். அவன் வாடிக்கையாளர், அவள் ஆபரேட்டர், நடுவில் ஒரு மேஜை. அந்த மேஜை போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று அவள் பயந்தாள்.

ஆனி மாசக் கடைசியில் அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆடி போவட்டுங்க. ஆவணி பொறந்ததும் எங்கம்மாகிட்ட பேசறேன். உங்களுக்குச் சம்மதம் தானே?"

"ஆங்" என்றாள் அம்சா. அன்று அடித்துக் கொடுத்த ஜாதகங்களில் எத்தனை தப்பு இருந்ததோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

ஆவணி வரைக்கும் இந்தப் பெட்டி தாங்கட்டும் என்று அவள் முடிவு பண்ணினாள். ஆனால் பெட்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆனியில் வாரத்துக்கு ஒரு தரம் அணைந்துகொண்டிருந்தது, ஆடியில் தினமும் அணைந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற மூணு நாளும், ஒரு ஜாதகத்தை முழுசாக முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மிஷின் அணைகிற சத்தம் கேட்டதும் திரையை மறைத்து உட்கார்ந்துகொள்வாள், தேதியைத் தட்டுவாள், மறுபடி ஆரம்பிப்பாள்.

"எப்பிடிம்மா இருக்குது?" என்று சிவப்பிரகாசம் கேட்கும்போதெல்லாம், "ஃபேன் வெச்சதுலேர்ந்து நல்லா ஓடுதுங்க" என்றாள். பரந்தாமனிடமும் அதையே சொன்னாள். தன் ஃபேனால் சரியாகிவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அந்த ஒரு பொய்யை மட்டும் நாலு மாசம் சோறூட்டி வளர்த்தாள்.

ஆவணி பிறந்தது. பரந்தாமன் சொன்ன சொல் தவறவில்லை. அவன் அம்மா கெங்கம்மாள், முதலில் ஜாதகம் பார்ப்போம், அப்புறம் பெண் பார்ப்போம் என்றாள். கையெழுத்து ஜாதகம் வேண்டாம், கம்ப்யூட்டரில் எடுத்த காகிதம்தான் வேண்டும் என்றாள். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். கல்யாணப் பெண்ணே தன் ஜாதகத்தை அடித்துக் கொடுத்தால் அது முறையில்லை, அந்த நேரத்தில் பெண் அங்கே இருக்கக் கூடாது, கடைக்காரரே அடிக்கட்டும். நியாயமான பேச்சுதான். ரத்தினம்மாளும் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை கெங்கம்மாள் கடைக்குப் போனாள், அம்சா வீட்டில் இருந்தாள். பூக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மாவோடு சேர்ந்து சாமந்தி கட்டினாள். கை கட்டியதே தவிர மனசெல்லாம் கடையில் இருந்தது. கடை ஐயாவுக்கு ஜாதகம் அடிக்கத் தெரியும், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். காலை நேரம், சூடு ஏறியிருக்காது, அணையாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அணைந்தால் தேதி தட்ட வேண்டும் என்பதை அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. எப்படிச் சொல்வாள்? அணைவதே இல்லை என்றல்லவா சொல்லி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனாள். பொருந்தினால் வெள்ளிக்கிழமையே சொல்லியனுப்புவதாகப் பேச்சு, அதற்காக அன்றும் வீட்டிலேயே காத்திருந்தாள், ஆனால் யாரும் வரவில்லை. சிவப்பிரகாசம் அவள் முகத்தைப் பார்க்காமல் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"வேற எல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. உன் சுவாதி நட்சத்திரத்துக்கும் தம்பியோட பரணிக்கும் பத்துல எட்டுப் பொருத்தம். திசைதான் ஒதைக்குது. அந்தத் தம்பிக்கு ராகு திசை, இன்னும் ஒம்பது வருஷம் ரெண்டு மாசம். உனக்கு குரு திசை, இன்னும் ஒம்பது வருஷம் நாலு மாசம். ரெண்டு பேருக்கும் ஒண்ணா திசை மாறுது. திசைச் சந்தின்னு மிஷினே அடிச்சிடுச்சு. இப்பிடி இருந்தா சேர்க்க மாட்டாங்களேம்மா."

அம்சா அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கா? குரு திசையா?"

அவள் தன் ஜாதகத்தைப் பத்துத் தரமாவது போட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு குரு திசை இந்தச் சித்திரையோடு முடிந்துபோய் சனி திசை ஆரம்பித்துவிட்டது. அதற்கு இன்னும் பதினெட்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. கடையில் வைத்திருந்த நகலைப் பிடுங்குவதுபோல் எடுத்தாள். பரந்தாமன் காகிதத்தின் அடியில் வியாழக்கிழமைத் தேதி சரியாக இருந்தது. அவள் காகிதத்தின் அடியில், பொடி எழுத்தில், 01-01-80.

"நடுவுல அணைஞ்சுதா?"

"ஆமாம்மா. தம்பியோடத அடிச்சு முடிச்சேன், பட்டுனு அணைஞ்சு எரிஞ்சுது. என்னமோ கேட்டுச்சு. பொத்தான அமுக்குனேன், போய்டுச்சு. இன்னா, எதுனா தப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் சிரித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த அம்சாவின் திசையைக் கொண்டுபோய் இன்றைக்கு இருக்கிற பரந்தாமனோடு கோத்துவிட்டார்கள். அவ்வளவுதான். தப்பு என்று தெரிந்துவிட்டது, திருத்திவிட்டால் தீர்ந்தது! மிஷினைப் போட்டு, தேதியைத் தட்டி, இரண்டு ஜாதகத்தையும் மறுபடி அடித்தாள். இரண்டு தரம் அணைந்தது. மூணாவது தரம் முழுசாக வந்தது. சந்தி இல்லை, தோஷம் இல்லை. காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினாள். பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது எந்த ஊர் வழக்கம் என்று பஸ்ஸில் அவளுக்குத் தோன்றவேயில்லை.

தெருவெங்கும் தறிச் சத்தம். வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது கெங்கம்மாள் கூடத்தில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே பரந்தாமன் தறியை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நின்றான்.

அம்சா மூச்சு வாங்கச் சொன்னாள். மிஷின் அணைந்தது, தேதி தப்பாகப் போனது, இதுதான் சரியான காகிதம். கெங்கம்மாள் தார் சுற்றுவதை நிறுத்தினாள். இரண்டு காகிதத்தையும் வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்தான், நிதானமாகப் படித்தாள்.

"நீ சொல்றது நெஜமா இருக்கும் கண்ணு. நான் இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா அந்தக் காய்தத்த நான் வெள்ளிக்கெழம மலைக்கு எடுத்துக்கினு போயிட்டேனே."

அந்தக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் கடைசி வார்த்தை மலையில்தான். ஜாதகக் காகிதத்தைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு, வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று இலையில் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை.

"சந்தின்னு அடிச்சிருந்ததையும் மீறித்தான் கேட்டேன். எம் புள்ள ஆசப்பட்டுட்டான், நீ எதுனா வழி காட்டு சாமின்னு கேட்டேன். செகப்பு வந்துச்சு."

"அது தப்பான காய்தம்மா! தப்பான காய்தத்த வெச்சுக் கேட்டா சாமி இன்னா சொல்லும்? இத வெச்சு இன்னொரு வாட்டி கேளுங்கம்மா. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"மிஷின் தப்பா சொல்லும். சாமி தப்பா சொல்லுமா?" கெங்கம்மாளின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அம்சாவுக்குத் திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். "என் கல்யாணத்துக்கும் செகப்புதான் வந்துச்சு கண்ணு. எங்க நைனா இன்னொரு வாட்டி போட்டுப் பாத்தாரு, வெள்ள வர்ற வரைக்கும் போட்டாரு. கட்டிக்கினு வந்தேன். இவன் அஞ்சு வயசுல கீறப்ப, இவங்கப்பா பட்டுனு போய்ச் சேந்துட்டாரு. அத்தோட முடிவு பண்ணேன். ஒரு வாட்டிக்கு மேல கேக்கக் கூடாது. கேட்டு வாங்குனா அது நெலைக்காது. எம் மவன வெச்சு நான் அந்த வெளையாட்டு ஆட மாட்டேன்."

"எம்மா…" என்றான் பரந்தாமன்.

"நீ வேணும்னா கட்டிக்கோடா. நான் தடுக்கல. ஆனா நீ தறியில நிக்கறப்ப, பஸ் ஏறி வெளிய போறப்ப, தெனமும் நான் வவுத்துல நெருப்ப கட்டிக்கினு குந்தியிருக்கணும். அத மட்டும் யோசிச்சுக்கோ."

அவன் யோசித்தான். யோசிக்க ஆரம்பித்ததுமே அம்சாவுக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு அஞ்சு வயசிலிருந்து தார் சுற்றியே நாலு பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா அவள். அவனால் முடியாது.

அம்சா காகிதத்தை எடுத்துக்கொண்டாள். கெங்கம்மாள் மோர் குடித்துவிட்டுப் போ என்றாள். அவள் குடித்தாள். குடிக்காமல் போனால் கோபம் என்று நினைப்பார்கள், கோபப்பட அவளுக்கு யாரும் இல்லை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் பரந்தாமன் கூட வந்தான். நாலு பேர் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது அதுதான் முதல் தடவை. ஊர் பேசினால் பேசட்டும் என்று இப்போது தைரியம் வந்திருந்தது. அந்தத் தைரியத்தால் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை.

"ஃபேன் வெச்சதுலேர்ந்து நல்லா ஓடுதுன்னு சொன்னீங்களே?" என்றான்.

"பொய் சொன்னேங்க."

"ஏன்?"

"கழட்டுனா கடையச் சாத்திடுவாங்க. தீவாளி வரைக்கும் தொறக்க மாட்டாங்க. உங்கள எங்க பாக்கறது?" என்றாள். "ஆவணி வரைக்கும் தாங்குனா போதும்னு நெனச்சேன். பேசி முடிஞ்சிட்டா அப்பால அது எப்பிடிப் போனா இன்னான்னு நெனச்சேன்."

அவன் நடப்பதை நிறுத்திவிட்டான். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மிஷினத் தூக்கிக்கினு நானே மெட்ராசுக்குப் போயிருப்பேனே. எங்க தறி மோட்டார்ங்கள எத்தினி வாட்டி தூக்கிக்கினு போயிருக்கேன். ரெண்டே நாள்ல மாத்திக்கினு வந்து வெச்சிருப்பேங்க. கடையச் சாத்தவே வேணாமே."

அம்சா அவனையே பார்த்தாள். நாலு மாசம் ராத்திரி பகலாக யோசித்ததில் இந்த ஒரு வழி அவளுக்குத் தோன்றவில்லை. தனக்காக ஒருத்தன் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு போவான் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை, எவரும் செய்ததுமில்லை. அதனால் கேட்கத் தெரியவில்லை.

திருத்தணி பஸ் வந்து நின்றது. "ஏறும்மா, ஏறு" என்று கண்டக்டர் அவசரப்படுத்தினான். அவள் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பரந்தாமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மிஷினு இன்னும் ஒரேடியா கெட்டுப் போவல இல்ல? நான் வேணா நாளைக்கு வந்து அத எடுத்துக்கினு போயி மாத்திக் குடுக்கறேங்க" என்றான்.

"வேணாங்க" என்றாள் அம்சா. "நீங்க வந்தா நான் இன்னொரு வாட்டி கேட்டுடுவேன்."